ஏழாம் ரீலுக்குப் பிறகு ஆறாம் ரீல்: யாங்கோனில் ஐந்து நாட்கள்

ஒரு டிவிடியைக் கையில் கொடுத்துவிட்டு வருவதற்காக 2010 ஜனவரி கடைசியில் யாங்கோன் போய் வந்தேன். "இதுக்கா இவ்வளவு செலவு? தபால்ல போட்டா போகாதா?" என்று என் தம்பி கேட்டான். போகாது. அந்த ஊரில் வெளிநாட்டுத் தபாலைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். சில சமயம் கொடுக்கவே மாட்டார்களாம். அதோடு அது நான் பிறந்த ஊர். 1964ல், எட்டு வயதில், மூட்டை முடிச்சோடு கப்பலேறி வந்தவள் நான். அதற்குப் பிறகு நாற்பத்தாறு வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. போவதற்கு ஒரு சாக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்கைக் கொடுத்தவர் ஊ சோ. பர்மாவில் வயதில் மூத்த ஆண்களின் பெயருக்கு முன்னால் 'ஊ' என்று மரியாதைக்குச் சேர்ப்பார்கள். சோ என்பது நான் மாற்றி வைத்த பெயர். என் சித்தப்பாவின் பெயரை எழுதவே போவதில்லை. அப்பாவின் தம்பியான அவர், 1964ல் எங்களோடு கப்பலேற மாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டார். ஊ சோ அவருடைய சிநேகிதர். ஐம்பது வருஷமாக இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. "அவனுக்கு சினிமாப் பைத்தியம், கல்யாணம் வேணாம்னுட்டான்" என்பதோடு அப்பா முடித்துக்கொள்வார். அவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகி, குடும்பமாக வாழ்கிறவர்கள் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவளுக்கு அவ்வளவு மந்த புத்தி!

ஊ சோ ஆங்கிலத்தில் கடிதம் எழுதியிருந்தார். ஒரு கண் பார்வை போய்விட்டது, இன்னொன்றும் போய்க்கொண்டிருக்கிறது. முழுக்கப் போவதற்குள் ஒரு பழைய ஊமைப்படத்தை இன்னொரு தடவை பார்க்க ஆசை, இந்தியாவில் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். சித்தப்பா ஆபரேட்டராக இருந்த கொட்டகையில் 1958ல் பார்த்த படம். கதையையும் எழுதியிருந்தார். ஒரு துறைமுக ஊர். கடிகாரம் பழுது பார்க்கிறவன் ஒருவன், மாலுமி ஒருவன். இருவருக்கும் காதல். சட்டம் துரத்துகிறது. மாலுமி தண்ணீரில் இறங்கிவிடுகிறான். ஆனால் சாகவில்லை, சொட்டச் சொட்ட நனைந்தபடி கடைக்குத் திரும்பி வருகிறான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள், கடையிலுள்ள எல்லாக் கடிகாரங்களுக்கும் சாவி கொடுக்கிறார்கள், படம் முடிகிறது. "உன் சித்தப்பாவிடம் சொல்லிவிடாதே, நேரில் பார்த்துத் திகைக்கட்டும்" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

மதுரையில் பழைய படங்களைச் சேர்க்கும் நண்பர் ஒருவர் மூன்று மாதம் அலைந்து எங்கிருந்தோ அதை வரவழைத்துக் கொடுத்தார். படத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். பேசும் படம் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் எடுத்தது. அந்த நாட்டில் அப்போது ஆணும் ஆணும் நேசித்தால் சிறை. அந்தச் சட்டம் அமலில் இருக்கும்போதே, அந்த இருவரையும் கோமாளியாக்காமல், கெட்டவர்களாக்காமல், நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலக் காட்டியிருக்கிறார்கள். படத்தில் வில்லன் என்று பார்த்தால் மிரட்டிப் பிடுங்குகிற ஒருவனும், அவனுக்கு வசதி செய்து கொடுத்த சட்டமும்தான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! பிற்பாடு தடை செய்து பிரதிகளை அழித்தார்களாம், ஒன்றிரண்டுதான் தப்பியது என்றார் நண்பர். நமக்கும் பர்மாவுக்கும் வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டத்தில் இதற்கான பிரிவின் எண்கூட ஒன்றுதான். போன வருஷம் டில்லியில் நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. அங்கே அது இன்னும் அப்படியே இருக்கிறது. பெயர்களை மறைத்ததற்கு அதுதான் காரணம்.

கிளம்புவதற்கு முன்னால் படத்தை வீட்டில் போட்டுப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. மாலுமி செத்துப்போகிறான். படம் மொத்தம் ஏழு பாகம். டீ குடிப்பதும் சாவி கொடுப்பதும் ஆறாம் பாகத்திலேயே வந்துவிடுகிறது. அவன் நனைந்திருப்பது வெளியே பெய்கிற மழையில். ஏழாம் பாகத்தில்தான் வழக்கு, தீர்ப்பு, கப்பல்துறை. கடைசியில் தொப்பி மட்டும் கரையொதுங்குகிறது. கடிகாரக்காரன் அதை எடுத்துச் சட்டையில் துடைக்கிறான், அவ்வளவுதான். ஊ சோவுக்கு வயதாகிவிட்டது, குழப்பிக்கொண்டார் என்று நினைத்தேன். ஒருவர் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க என்னால் முடியாது. நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று பெட்டியைக் கட்டினேன்.

இனி பயணம். சென்னையில் ஒரு ஏஜெண்ட் மூலம் விசா, எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய், பன்னிரண்டு நாளில் வந்தது. சென்னையிலிருந்து கொல்கத்தா ரயிலில் 27 மணி நேரம். கொல்கத்தாவிலிருந்து யாங்கோன் விமானம் போக வர 13,600 ரூபாய், ஒரு மணி ஐம்பது நிமிஷப் பயணம். இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். டிவிடியைச் சுங்கத்தில் பார்த்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். அதனால் உறையின் மேல் பெரிய எழுத்தில் 'தம்பி மகள் பூப்புனித நீராட்டு விழா' என்று எழுதி, மஞ்சள் குங்குமமும் தடவி வைத்திருந்தேன். சுங்கத்துப் பையன் எடுத்துப் பார்த்தான், மோந்து பார்த்தான், "ஃபேமிலி?" என்றான். ஃபேமிலிதான் என்றேன். பொய் இல்லையே.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் 16 கிலோமீட்டர், டாக்ஸிக்கு ஏழு டாலர். ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கும். என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "அக்கா, தமிழா? நானும் தமிழ் தான். கேட்டா புரியும், பேசத்தான் வராது" என்று தமிழிலேயே சொன்னார். எப்போது ஊரை விட்டுப் போனீர்கள் என்று கேட்டார். அறுபத்து நாலு என்றேன். "ஓ... எங்க அம்மாவே அப்ப சின்ன பிள்ள" என்று சிரித்துவிட்டு, அதன் பிறகு என்னிடம் பேரம் பேசவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் சொந்தக்காரர் வீட்டில் தங்க அனுமதி கிடையாது. உரிமம் உள்ள விடுதியில்தான் தங்க வேண்டும். சூலே பகோடாவிலிருந்து பத்து நிமிஷ நடையில், காலைச் சாப்பாட்டோடு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு டாலருக்கு ஓர் அறை பிடித்தேன். நாலாவது மாடி, 84 படி, லிப்ட் கிடையாது. பெட்டியை வைத்துவிட்டு முதல் வேலையாக மொகல் தெருப் பக்கம் நடந்தேன். பெயரை எப்போதோ மாற்றிவிட்டார்கள், ஆனால் நம் ஆட்கள் வாயில் அது இன்னும் மொகல் தெருதான். பால்கனிகளில் அதே துணிக்கொடிகள். மாடியிலிருந்து கயிற்றில் கிளிப் கட்டித் தொங்கவிட்டு, கீழே பேப்பர்காரரிடம் பேப்பர் வாங்குகிற பழக்கம்கூட அப்படியே இருக்கிறது. எங்கள் கயிறு பச்சை நிறம். அப்பா அதை இழுக்கச் சொல்வார் என்று காலையில் பல்கூடத் தேய்க்காமல் காத்திருப்பேன். நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷாவை ஓட்டுகிறவர் மணி அடித்து என்னை ஒதுக்க வேண்டியிருந்தது.

சித்தப்பாவின் கொட்டகையைத் தேடினேன். இல்லை. அங்கே சீனத்துப் பிளாஸ்டிக் சாமான் விற்கிற நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. எனக்கு ஆறு ஏழு வயதில் ஆபரேட்டர் அறையில் ஒரு முக்காலி உண்டு. புரொஜெக்டருக்குள் எரியும் கரி விளக்கின் சூடும் அந்த வாசனையும் இன்னும் எனக்கு வரும். மேலே ஒரு சின்ன ஓட்டை வழியாகப் படத்தைப் பார்ப்பேன். கீழே இருக்கிற கூட்டம் எல்லாம் நம் விருந்தாளிகள் என்று ஒரு கர்வம். பிளாஸ்டிக் வாளிகளுக்கு நடுவே நின்று அழலாமா என்று யோசித்தேன், கடைக்காரப் பெண் என்ன வேண்டும் என்று வந்துவிட்டாள், 300 சாட்டுக்கு ஒரு சோப்பு டப்பா வாங்கிக்கொண்டு வந்தேன். (ஒரு டாலருக்கு ஏறக்குறைய ஆயிரம் சாட்.)

மாலை மூன்றரைக்கு விடுதிக்குக் கீழே இருந்த டீக்கடைக்கு இருவரும் வந்தார்கள். சித்தப்பாவுக்கு எழுபத்து நாலு. நம் கைலி மாதிரிக் கட்டம் போட்ட லோஞ்சி, ஒல்லி, முதுகு வளையவில்லை. ஊ சோவுக்கு ஒரு வயது குறைவு. கறுப்புக் கண்ணாடி, கை சித்தப்பாவின் முழங்கையைப் பிடித்திருந்தது. "விசாலம்! அடி தாயி, எம்புட்டுக்காணு இருந்தே!" என்று சித்தப்பா என் தலையைத் தடவினார். ஊ சோவை 'ஊலே' என்று கூப்பிட்டேன். அங்கே மாமாவை, சித்தப்பாவை எல்லாம் அப்படித்தான் அழைப்பார்கள். அவர் என்னை 'தமீ' என்றார், மகளே என்று அர்த்தம். டீ ஒன்று 250 சாட், பாலும் சீனியும் போட்டி போடும்.

ஊ சோவுக்குப் பொறுமை இல்லை. "கொண்டாந்துச்சா தமீ? குடு, குடு. இவருக்குக் காட்டு" என்றார், சித்தப்பாவிடம் பழகிய தமிழில். டிவிடியை மேசையில் வைத்து இன்ன படம் என்று சொன்னேன். சித்தப்பா திகைத்துப் போவார் என்றுதான் ஊ சோ எதிர்பார்த்தார். சித்தப்பா திகைத்தார்தான், ஆனால் சந்தோஷத்தில் இல்லை. முகத்தில் ஈயாடவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆனா ஊலே, லெட்டர்ல முடிவ நீங்க எழுதினது வந்து..." என்று ஆரம்பித்தேன். மேசைக்குக் கீழே சித்தப்பா ஓர் உதை விட்டார் பாருங்கள், என் டீ முழுக்கப் புடவையில். "ஐயோ, கால் மரத்துப்போச்சு" என்றார். எழுபத்து நாலு வயது உதை மாதிரியே இல்லை.

மறுநாள், "புள்ளைக்கு ரயிலக் காட்டிட்டு வாரேன்" என்று ஊ சோவிடம் சொல்லிவிட்டுச் சித்தப்பா தனியாக வந்தார். யாங்கோனைச் சுற்றி வரும் வட்ட ரயிலைத் தவறவிடாதீர்கள். 46 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், மறுபடி ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும். வெளிநாட்டுக்காரருக்கு ஒரு டாலர். பாஸ்போர்ட் எண் எழுதி, கசங்காத நோட்டாகக் கேட்பார்கள். மரப் பலகைதான் இருக்கை, கண்ணாடி இல்லாத ஜன்னல். கீரைக் கட்டுகளோடு பெண்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். இரண்டாவது ஸ்டேஷன் தாண்டியதும் சித்தப்பா பேச ஆரம்பித்தார்.

அவருடைய முதலாளி தொண்டிப் பக்கத்து ராவுத்தர். எதிரெதிரே இரண்டு கொட்டகைகள் வைத்திருந்தார், ஆனால் ஒரு படத்துக்கு ஒரு பிரதிதான் வாங்குவார். எதிர்க் கொட்டகையில் முதலில் ஆரம்பிக்கும். நாற்பது நிமிஷம் கழித்து இங்கே. அங்கே ஓடி முடிந்த ரீல்களை டப்பாவில் போட்டுத் தெருவைத் தாண்டிக் கொண்டுவருவார்கள். கல்கத்தாவில் ஏலத்துக்கு வந்த பழைய டப்பாக்களில் இந்த ஊமைப்படமும் வந்தது. காலைக் காட்சிக்குப் போட்டார்கள், ஒரு வாரம். எழுத்து எல்லாம் ஏதோ பாஷை, யாருக்கும் புரியாது. டப்பா மூடியில் சாக்கட்டியால் எழுதிய எண்ணைப் பார்த்துத்தான் ஆபரேட்டர் மாட்டுவார். முதல் நாள் அவசரத்தில் எதிர்க் கொட்டகை ஆள் மூடியை மாற்றிப் போட்டு அனுப்பிவிட்டான். ஏழாம் ரீல் முன்னால் ஓடியது, ஆறாம் ரீல் பின்னால். அதாவது மாலுமி தண்ணீரில் இறங்குகிறான், தொப்பி மிதக்கிறது, அடுத்த நிமிஷம் நனைந்தபடி கடைக்கதவைத் திறக்கிறான். பார்த்தவர்களுக்கு அவன் பிழைத்து வந்த மாதிரியே இருந்திருக்கிறது.

"பாதி ஓடினப்பத்தான் எனக்கே வெளங்குச்சு. எதுத்தாப்புல உள்ளவன மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டே எறங்கி வாரேன், படிக்குக் கீழ ஒரு பர்மாக்காரப் பையன் நிக்கிறாரு. மூஞ்சியெல்லாம் கண்ணீரு. 'அந்த ஆளு உசுரோட இருக்கானா?'ன்னு இங்கிலீசுல கேக்குறாரு."

"அதுதான் ஊலேயா?"

"அவருதான். இன்சீன்ல ரயில்வே பட்டறையில கணக்கரு. அவரு ஒரு சிநேகிதனுக்கு எழுதுன கடுதாசி எவனோ ஒருத்தன் கையில மாட்டியிருக்கு. போலீசுல குடுப்பேன்னு மெரட்டியிருக்கான். அன்னைக்கு அலோன் படகுத்துறைக்குப் போயித் தண்ணியில எறங்கிர்றதுன்னு முடிவு பண்ணிட்டு, பொழுது போறதுக்காகக் கொட்டகைக்கு வந்தவரு, தாயி. இதெல்லாம் எனக்குப் பின்னாடிதான் தெரியும். ஆனா அந்த மூஞ்சியப் பாத்துட்டு நான் என்னத்தச் சொல்றது? இருக்கான், உசுரோடதான் இருக்கான்னு சொல்லிப்புட்டேன்."

மறுநாள் காலைக் காட்சிக்கும் அந்தப் பையன் வந்து உட்கார்ந்திருந்தார். சித்தப்பா மேலேயிருந்து ஓட்டை வழியாகப் பார்த்தார். மூடி சரியாகத்தான் வந்திருந்தது. இவர் வேண்டுமென்றே ஏழாம் ரீலை முன்னால் மாட்டினார். ஏழு நாளும் அப்படியே. முதலாளிக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார். அதற்குப் பிறகு படமும் போய்விட்டது, உண்மையைச் சொல்லச் சந்தர்ப்பமும் வரவில்லை, சொல்ல மனதும் வரவில்லை. மனம் உடைந்த நாட்களில் எல்லாம் "அந்த மாலுமியே திரும்பி வந்தான்" என்று ஊ சோ சொல்வாராம்.

"இப்ப சொல்லிருங்க சித்தப்பா. அம்பது வருஷமாச்சு. தெரிஞ்சா என்ன ஆயிரும்?" என்றேன்.

"நீ பூகோளம் சொல்லிக் குடுக்குறவ. மல இருக்குற எடத்துலதான் உனக்கு மல இருக்கணும்." கோபம் வந்துவிட்டது அவருக்கு. "அவருக்கு ஒரு கண்ணுதான் பாக்கி. அந்தக் கண்ணால அவன் செத்தத பாக்கணுமா? அம்பது வருசமா கூட இருக்குறவன் பொய்யன்னு தெரிஞ்சுக்கிட்டுக் குருடாகணுமா?"

டிவிடியை உடைத்துப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "ஆசையாக் கேட்டுப்புட்டாரே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீரை வயல்கள் போய்க்கொண்டிருந்தன. இன்சீன் நெருங்கும்போது திடீரென்று என் கையைப் பிடித்தார். "அந்தத் தட்டுல ரீலு ரீலாப் பிரிச்சிருக்குமா?"

இருக்கும் என்றேன். ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் அந்தப் பாகத்துக்குத் தாவும். பட்டணம் பார்த்த சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

மூன்றாம் நாள் காலை பதினொன்றுக்குப் பக்கத்து வீட்டு அம்மா ஊ சோவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எங்களுக்கு இரண்டரை மணி நேரம் கிடைத்தது. அவர்கள் வீடு இன்சீனில் பட்டறைக்குப் பின்னால் மர வீடு, இரண்டு அறை. சீன டிவிடி பெட்டி ஒன்று இருந்தது. ஐந்தாம் பாகம் முடியும்போது ஏழாம் எண்ணை அழுத்த வேண்டும், ஏழு முடியும்போது ஆறை, ஆறு முடியும்போது நிறுத்த வேண்டும். மொத்தம் மூன்றே அழுத்தல். ஆனால் இருட்டில், பார்க்காமல், லோஞ்சி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு. என் கைப்பையிலிருந்த ஒட்டுப் பொட்டில் பெரியதை ஏழின் மேலும், சின்னதை ஆறின் மேலும் ஒட்டிக் கொடுத்தேன். சித்தப்பாவுக்கு அதுவும் போதவில்லை. அந்தக் காலத்தில் ரீல் முடியப் போகிறதென்றால் திரையின் மூலையில் வட்டமாக ஒரு புள்ளி விழுமாம். அதைக் காணோம், துடைத்துவிட்டார்கள் என்று புலம்பினார். கதவு சாத்துவது, தொப்பியைத் துடைப்பது என்று வேறு அடையாளம் வைத்துக்கொண்டோம். பதினோரு தடவை ஒத்திகை. "நடுவுல கருப்பு விழுது. என் கொட்டகையில இப்படி விழுந்தா கீழ விசில் பறக்கும்" என்று அவருக்குத்தான் எத்தனை ரோஷம்! நானோ, மாணவர் விடைத்தாளில் அரை மார்க் கூடப் போட மனம் வராதவள், தப்பான வரிசையை நிமிஷக் கணக்கோடு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் ஞாயிறு. அங்கே மின்சாரம் ஆறு மணி நேரம் இருக்கும், ஆறு மணி நேரம் இருக்காது. அந்த வாரம் இன்சீனில் காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை இருக்கும். பன்னிரண்டுக்கு ஜன்னல்களில் லோஞ்சியைத் தொங்கவிட்டு இருட்டாக்கினோம். ஊ சோ சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி வந்து டிவிக்கு மூன்றடி முன்னால் உட்கார்ந்தார். சித்தப்பா அவர் பக்கத்தில். நான் பின்னால்.

ஐந்தாம் பாகம் வரைக்கும் எனக்குப் படமே ஏறவில்லை. கதவு சாத்தியது. சித்தப்பாவின் தோள் லேசாக அசைந்தது. ஏழாம் பாகம் கருப்பே விழாமல் ஆரம்பித்தது. நீதிபதி சட்டத்தைப் படிக்கிறார், கப்பல்துறை வருகிறது, மாலுமி இறங்குகிறான். ஊ சோ அசையவில்லை. தொப்பி. துடைத்தாகிவிட்டது. 'முடிவு' என்ற எழுத்து வந்துவிட்டது, சித்தப்பாவின் கை இன்னும் பொட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது. கடவுளே, கடவுளே என்று வேண்டிக்கொண்டேன். திரை கருத்து ஐந்து விநாடி நின்றது. பிறகு மழை. கடைக்கதவு திறந்தது. சொட்டச் சொட்ட நனைந்து அவன் நின்றான்.

"ஆ, வந்துட்டான்" என்றார் ஊ சோ.

டீ குடித்தார்கள். கடிகாரங்களுக்கு ஒவ்வொன்றாகச் சாவி கொடுத்தார்கள். சித்தப்பா சரியான இடத்தில் நிறுத்தினார். "நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல, இருக்கான்னு" என்றார். நான் வெட்கமே இல்லாமல் அழுதேன். ஊ சோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, டீ போடச் சொன்னார்.

டிவிடியை நண்பரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பொய் சொல்லி எடுத்துக்கொண்டேன். அங்கே விட்டுவைத்தால் என்றாவது அது தன் வரிசையில் ஓடிவிடும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். புத்தம் புதிய, மடிப்பு விழாத டாலர் நோட்டு மட்டும் கொண்டுபோங்கள். லேசாகக் கோடு இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அங்கே ஏடிஎம் கிடையாது, நம் செல்போன் வேலை செய்யாது. இன்டர்நெட் கடை மணிக்கு 400 சாட், இந்த வலைப்பூ அங்கே திறக்கவே இல்லை. நகரிலிருந்து இன்சீனுக்கு டாக்ஸி 5,000 சாட். டீக்கடையில் அரசியல் கேட்காதீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாது, பதில் சொன்னவருக்கு ஆகும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். இந்த இரண்டு பேரைத் தேடிப் போகாதீர்கள். எழுதுவதற்கு ஊ சோவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். சித்தப்பாவுக்கு இன்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாது.

ஐந்தாம் நாள் வழியனுப்ப இருவரும் விமான நிலையத்துக்கு வந்தார்கள். என் பெட்டியின் பூட்டு உடைந்திருந்ததால் கயிறு கட்டிக்கொண்டு வருகிறேன் என்று சித்தப்பா அதைத் தூக்கிக்கொண்டு போனார். ஊ சோவும் நானும் வாசலில் நின்றோம்.

"படம் நல்லா ஓட்டுச்சு இல்ல, உன் சித்தப்பா?" என்றார்.

"ஆமா ஊலே."

"அஞ்சு முடிஞ்சு ஏழு. பெறகு ஆறு."

சட்டென்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் பாட்டுக்குச் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அந்தக் காலத்துல, மூணா நாளு நான் சீக்கிரம் வந்துருச்சு. எதுத்த கொட்டகையில போயி உக்காந்துச்சு. அங்க மாலுமி செத்துப்போச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. ஓடி இந்தக் கொட்டகைக்கு வந்துச்சு, இங்க அதே மாலுமி உசிரோட வருது. அப்பதான் தெரிஞ்சுது தமீ. மேல அந்த ரூம்புல ஒரு ஆளு, என் பேருகூட அவருக்குத் தெரியாது, எனக்காக மாத்திப் போடுது. படம் பாத்து நான் பொழைக்கல. அதத் தெரிஞ்சுதான் பொழச்சுது."

"ஏன் ஊலே, சித்தப்பாகிட்ட இத்தன வருஷமா சொல்லல?"

"சொன்னா நிறுத்திரும்ல."

"பின்ன இப்ப எதுக்கு அந்தப் படம்?"

"கண்ணு போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாக்கணும், இன்னும் மாத்திப் போடுதான்னு. நான் படத்தப் பாக்கல தமீ. லோஞ்சிக்குள்ள அந்தக் கை பட்டனத் தேடுச்சு பாரு, அதத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு."

சித்தப்பா கயிறு கட்டிய பெட்டியோடு திரும்பி வந்தார். "என்ன, ரெண்டு பேருக்கும் ரகசியம்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.